மிதக்கிற கல்லைக் கட்டிக்கொண்ட ஓடுமணலார்

ராஜா அண்ணாமலைபுரத்துக் கல்யாண மண்டபத்தின் முன்னால் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆட்டோக்கள் மூன்று வரிசையாக நின்றன. உள்ளே மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, சாப்பாடும் இல்லை. சாப்பாடே இல்லாத மண்டபத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள் என்றால் அது சாதாரணக் கூட்டமா? படித்த கூட்டம்!

வாசலில் பேனர்: "போன பிறவியில் நீங்கள் ஓடுமணலார்! மறந்ததை மீட்டுத் தருகிறார் ஆதிமணல் சித்தார்த்தன்."

ஓடுமணலார் என்பவர்கள் நிற்காத மணலில் வாழ்ந்தவர்கள். ராத்திரி ஒரு மேட்டில் படுத்தால் விடியும்போது மேடு வேறெங்கோ போயிருக்கும். ஆகவே அவர்களுக்கு விலாசம் கிடையாது, வேலி கிடையாது, வீட்டுக்குக் கதவு கிடையாது. தினமும் பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிடுவதால் எழுந்ததும் முதல் வேலை, பக்கத்தில் இருப்பவரிடம் தன் பெயரைச் சொல்வது. காற்று ஆளையே தூக்கிவிடும் என்பதால் கணுக்காலில் ஒரு கல்லைக் கட்டிக்கொள்வார்கள்.

அருமையான இனம். ஒரே ஒரு குறை. அப்படி ஓர் இனம் இருந்ததே இல்லை.

இது மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஜொவிட்டாவுக்கு நிச்சயமாகத் தெரியும். ஓடுமணலாரைப் பெற்றுப்போட்டவளே அவள்தான்.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்துக்கு அடையாற்றில் கிடைத்த மரியாதை, ஒரு கைப்பேசி விளையாட்டுக்குக் கற்பனை இனங்களை எழுதித் தரும் வேலை. பாலைவனத்தை அவள் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த மணல் பட்டினப்பாக்கத்து மணல். மழைக்காலந்தோறும் கடல் ஒரு வரிசை வீடுகளைத் தின்னும், மிச்சமிருப்பவர்கள் ஒரு வரிசை தள்ளிப் போவார்கள். அந்தக் குப்பத்தை அப்படியே தூக்கிப் பாலைவனத்தில் வைத்தாள். "இன்னா கற்பனைம்மா!" என்று மேலாளர் வியந்தார். கற்பனையில் ஒரு பிழையும் இருந்தது. மேற்கே கடல் என்று எழுதிவிட்டு, அந்தக் கடலிலேயே சூரியனை உதிக்கவைத்தாள். பட்டினப்பாக்கத்துப் பெண்ணுக்குச் சூரியன் கடலில் உதிக்காமல் வேறெங்கே உதிக்கும்? யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த விளையாட்டை இறக்கிக்கொண்டவர்களே பதினேழு பேர். பதினாறு பேர் அலுவலகத்து ஆட்கள்.

பதினேழாவது ஆள் இப்போது மேடையில் காவி ஜிப்பாவில் உட்கார்ந்து, "மேற்குக் கடலில் சூரியன் உதிக்கும் வேளையில்..." என்று உருகிக்கொண்டிருந்தார்.

திருடியதுதான் திருடினாய், பிழையையாவது திருத்தக் கூடாதா?

அவள் கோபம் கதை போனதற்கல்ல. முன்வரிசையில் அவள் அம்மா ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். காதில் கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி. மீன்கூடையோடு நாளெல்லாம் நிற்கிற காலில், ஆறாத புண்ணோடு வீங்கிய கட்டைவிரல். அதற்கு மேலே கணுக்காலில் சிவப்புக் கயிற்றில் ஒரு கல்.

முந்தின நாள் சண்டை இது:

"மாத்திரைய நிறுத்திட்டியாமே?"

"பன்னெண்டு நாளாச்சு. கல்லு கட்டிகினா சக்கரை தானா மண்ணுல எறங்கிடும்னு சொல்லிகீறாரு."

"மாத்திரைய நிறுத்தினா வெரலையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அதுக்கு பயந்துகினுதான்டி கட்டிகீறேன். நீ ஒருவாட்டி வந்து கேளு. மண்ணு ஓடுது, வூடு ஓடுது, கதவு இல்லன்றாரு. அப்டியே நம்ம கதை. நம்மளப் பத்தி இதுவரிக்கும் எவன் பேசிகீறான்?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தான் என்ன எழுதுகிறோம் என்று மகளும் ஒருநாள் சொன்னதில்லை. கேட்டால், "அதெல்லாம் ஒனக்குப் புரியாது" என்பாள். பட்டதாரி அல்லவா!

மேடையில் சித்தார்த்தன் அண்டா நிறையத் தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டார். கல் மிதந்தது. கூட்டம் "ஆஹா" என்றது.

"எங்காத்துல நாலு கல் வாங்கியாச்சு. நாய்க்கும் ஒண்ணு கட்டியிருக்கோம்" என்றார் மயிலாப்பூர் மாமா ஒருவர்.

"செத்த பேசாம இருங்க. ஐயா பேசுதாவல்லா?" என்று அதட்டினாள், தியாகராய நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் சண்முகவடிவு.

ஜொவிட்டா எழுந்தாள். "இது நான் எழுதுன கதைங்க! மூணு வருஷத்துக்கு முன்னாடி. இதோ, என் போன்லயே இருக்கு."

சித்தார்த்தனின் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே மலர்ந்தது.

"எழுதினது நீயா மகளே? உன் கையைப் பிடிச்சு எழுதினது அவங்க! உன்னைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தேன்."

"ஐயோ, மேற்குல சூரியன் உதிக்காதுங்க! அது நான் செஞ்ச தப்பு!"

"அந்த யுகத்துல உதிச்சது!"

கைதட்டல். சண்முகவடிவு நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தாள். மயிலாப்பூர் மாமா, "எம் பொண்ணுக்கு எப்போ கல்யாணம்னு கேட்டுச் சொல்லேன்மா" என்றார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஜொவிட்டாவுக்கு ஒரு கணம் இனித்தது. பதினேழு பேர் படித்த எழுத்துக்கு இருநூறு பேர் கும்பிடு போட்டால் எந்த எழுத்தாளருக்குத்தான் இனிக்காது? அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தாள். பெற்ற தாய் அவளைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். இனிப்பு அங்கேயே கசந்தது.

உண்மையைச் சொன்னால் சாமியாக்குகிறார்கள். சரி, சாமியே பேசட்டும்.

"அவங்க எங்கிட்டயும் ஒரு கல்லு குடுத்திருக்காங்க. போய் எடுத்துட்டு வரேன்."

காசு வாங்காமலே ஆட்டோ பறந்தது. சென்னையில் அது ஒன்றுதான் அன்று நடந்த உண்மையான அற்புதம்.

அரை மணியில் திரும்பினாள். கைக்குட்டையில் பொதிந்த கல்லைப் பணிவாக நீட்டினாள். சித்தார்த்தனால் வாங்காமல் இருக்க முடியுமா? தன் வாயாலேயே அவளைத் தெய்வமாக்கிவிட்டாரே! அண்டாவில் போட்டார். மிதந்தது. எடுத்து நெற்றியில் வைத்து, கண்ணை மூடி, உடம்பை உதறினார்.

"இது... இது மணலரசியின் கல்! நூறு வருஷம் அவள் கால்ல கிடந்தது. இந்தப் பக்கம் பட்டாலே ரோகம் ஓடும்!"

"அப்ப மொதல்ல எங்கம்மா கையில குடுங்க" என்றாள் ஜொவிட்டா.

ஆரோக்கியமேரி பயபக்தியோடு வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏ ஜொவி! இது நம்ம பாத்ரூமாண்ட கெடக்கற கல்லுடி! நான் குதிகால் தேய்க்கற கல்லு! தோ பாரு, சேப்பு நெயில் பாலிஷ்ல சிலுவ போட்டு வெச்சிகீறேன். இல்லாங்காட்டி பக்கத்து வூட்டு ஜோதிலட்சுமி எடுத்துகினு பூடுவா!"

குடியிருப்பில் பொதுக் குழாய். வாளிக்கும் குவளைக்கும் கல்லுக்கும் ஆளுக்கொரு அடையாளம் உண்டு. மணலரசிக்கும் சிலுவை அடையாளம் இருந்ததா என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஜொவிட்டா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "இது உள்ள பூரா ஓட்டைங்க. ஓட்டையில காத்து. அதான் மிதக்குது. எல்லாக் கடையிலயும் கெடைக்கும். நான் கதையில கல்லு கட்டுனது கனத்துக்கு, காத்து தூக்காம இருக்கறதுக்கு. மிதக்கற கல்லு ஆளை எப்படிங்க புடிச்சு வெக்கும்? இருநூறு பேர்ல ஒருத்தர்கூட கேக்கலியே!"

"அப்போ எங்காத்து நாய்?" என்றார் மாமா.

அதற்குப் பதில் சொல்ல மேடையில் ஆள் இல்லை. கதவே இல்லாத இனத்தின் குரு, சமையல்கட்டுப் பின்கதவு வழியாக ஓடிப்போயிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதலில் மகளைத்தான் திட்டினார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் விரலோடு போயிருக்காதாம். மாத்திரை, ஊசி, தினம் ஒரு கட்டு. விரல் தப்பியது.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா கேட்டாள். "அப்ப அந்த கதையெல்லாம் நெஜமாவே நீ எழுதுனதா?"

"ஆமாம்மா."

"நம்மளப் பத்தியா?"

"ஆமா."

"மொதல்லயே எனக்கு படிச்சுக் காட்டியிருந்தா, எவனோ சொல்லிக் கேக்க நான் ஏன்டி கம்மலக் குடுத்துட்டு போய் குந்தப்போறேன்?"

மூன்று வருடப் பட்டப்படிப்பில் யாரும் ஜொவிட்டாவை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டு வாசலில் பழம், வெற்றிலையோடு ஐந்து பேர் நின்றார்கள். முன்னால் மயிலாப்பூர் மாமா. "அவன் ஃபிராடும்மா, தெரிஞ்சுபோச்சு. நீதான் நிஜம்."

ஜொவிட்டா உள்ளே போய் ஒரு அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டாள்:

"இங்கே அருள்வாக்கு கிடையாது. குதிகால் தேய்க்கிற கல் கடையில் கிடைக்கும். மூளை அவரவர் வீட்டிலேயே இருக்கிறது. குதிகாலைத் தேய்க்கிற அளவுக்காவது அதையும் தேயுங்கள்."