பதினோராம் பக்கத்தில் குற்றவாளி

செல்லிக்கரட்டுப்பாளையம் ஈஸ்வரமூர்த்தியின் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் கேபிள் களவு போனது. அன்னூர்ப் பக்கம் கேபிள் களவு போவது பால்காரர் வந்துபோவதைப் போல. இதில் மர்மமும் கிடையாது. திருடியவன் பக்கத்துத் தோட்டத்து சபரீஷ். கேபிளைச் சுருட்டி மொபெட்டில் கட்டிக்கொண்டு போனவன், எதிரே வந்த ஈஸ்வரமூர்த்தியிடம் வண்டியை நிறுத்தி, "சாப்டாச்சுங்களாண்ணா?" என்றான். இவ்வளவு மரியாதையாகக் கேட்பவனை மறித்துத் திருடன் என்று சொல்வது எப்படி? "ஆச்சு கண்ணு" என்று சொல்லி வழிவிட்டார்.

அறுநூறு நேந்திரன் வாழை, குலை தள்ளும் பருவம். இரண்டு நாளைக்குள் தண்ணீர் பாயாவிட்டால் ஒரு வருஷப் பாடு மண்ணோடு மண்ணாகும். "புதுசு போட்டா அதையும் கழட்டுவான். மொதல்ல போலீசுல எழுதிக் குடுங்க" என்றார் மனைவி ராசாத்தாள்.

எழுதச் சொன்னதுதான் தப்பு. ஈஸ்வரமூர்த்தி பதினேழு துப்பறியும் நாவல்கள் எழுதியவர். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் குற்றவாளியின் பெயரை எழுத அவருக்குக் கை வராது. புகார் பதினொரு பக்கம் ஓடியது. முதல் பக்கம் இப்படி முடிந்தது: 'அந்தப் பனிமூட்டத்தில் கேபிளின் நுனியைப் பற்றியிருந்த கை, புகார்தாரரின் கையைப் போலவே இருந்தது.'

காவல் நிலையக் கணினி ஒரு புகாருக்கு ஒரு பக்கம்தான் வாங்கும். உதவி ஆய்வாளர் பெனடிக்ட் அந்தப் பக்கத்தை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க சார், நீங்களே எடுத்துப்போட்டு இங்க வந்துட்டீங்களா?"

"அது படிக்கறவங்கள தெச திருப்பறதுக்குங்க. பதினோராம் பக்கத்துல சபரீஷ் மாட்டுவானுங்க."

"மீதிப் பக்கம் அரசாங்கக் கணக்குல இல்லீங்க. மேற்படி கை மட்டும்தான் பதிவாயிருக்குது."

ஈஸ்வரமூர்த்தி வேறு தாள் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, 'கேபிளை எடுத்தது சபரீஷ்' என்று ஒரே வரி எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதிய மிக மோசமான வரி அது. படித்த பெனடிக்டின் முகம் வாடிப்போனது.

"உங்க பதினேழு புஸ்தகமும் படிச்சவனுங்க நானு. மொதல்ல மாட்டறவன் என்னிக்காச்சும் குத்தவாளியா இருந்திருக்கானுங்களா?"

இருந்ததில்லை. தன் வாசகனைக் கண்டதில், அந்த நேரத்திலும் ஈஸ்வரமூர்த்திக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறார்.

பதிவான அந்தக் கைக்காக அண்ணனையே சந்தேகப்பட்டு ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட சபரீஷுக்கு மனசு கேட்கவில்லை. கேபிளைத் தோளில் சுமந்துகொண்டு நேராக வந்து, மேசைமேல் வைத்தான்.

"நாந்தானுங்க எடுத்துப்போட்டேன். அண்ணன உட்ருங்க."

பெனடிக்ட் நாற்காலியில் சாய்ந்து மெல்லச் சிரித்தார். "பாதியிலயே வந்து ஒத்துக்கறவன், ஆரையோ காப்பாத்தறான்னு அர்த்தம். நீங்க டீ சாப்ட்டுப்போட்டு ஊட்டுக்குப் போங்க தம்பி." திருடனுக்கு டீ வந்தது. கேபிள், சான்றுப் பொருள் என்ற தகுதியைப் பெற்று அலமாரிக்குள் போனது.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஊரே நிலைய வாசலில் கூடிவிட்டது. சபரீஷ் கேபிளைச் சுமந்து போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதில் இருபது பேர் இருப்பார்கள். ஒருவரும் நம்பவில்லை. அவ்வளவு சுலபமாக முடியாது என்றார்கள். கறவை மாட்டுக்காரர் முதல் அரிசிக்கடைக்காரர் வரை ஆளுக்கொரு திருப்பம் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் ராசாத்தாளையே சந்தேகப்பட்டார்கள்.

ராசாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது.

"எடுத்தவன் ஒத்துக்கிட்டான், எடுத்ததும் இங்கயே கெடக்குது. வாழ தலசாஞ்சு நிக்குதுங்க. ஒயரக் குடுத்தீங்கன்னா தண்ணி பாச்சிக்குவேன்."

"இருங்கம்மணி, நடுவுல பேசாதீங்க" என்று வாசலிலிருந்து பத்துக் குரல்கள் எழுந்தன. அப்போதுதான் பெனடிக்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, உண்மைக் குற்றவாளியின் பெயரைச் சொல்ல வாயெடுத்திருந்தார்.

ராசாத்தாள் புருஷனைப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பெனடிக்டின் வாயையே பார்த்தபடி, மனைவியைப் பேசாமல் இருக்கும்படி கையமர்த்தினார்.