காதுகுத்து வீட்டுக்குப் போன கப்பல் பாய்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். தைக்கக் குடுத்த பாயை வாங்கிட்டு வரணும்.

படுக்குற பாய் இல்ல. பாய்மரப் படகுல கட்டுற பாய்.

புதுசா வாசிக்கிறவங்களுக்குச் சொல்லுதேன். நானும் என் வீட்டுக்காரி சங்கரியும் வருஷத்துல எட்டு மாசம் கிரீஸ் நாட்டுல ஒரு பழைய பாய்மரப் படகுல குடித்தனம் பண்ணுதோம். தீவு தீவாப் போவோம். படகுலயே சமையல், படகுலயே தூக்கம், படகுலயே சண்டை. சண்டை போட்டா கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு இன்னொரு ரூம் கிடையாது.

சங்கரிதான் கேப்டன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவ. நானும் எழுதினேன். ரெண்டு தடவ எழுதினேன். அதனால நான் சமையல்.

தென்காசி வீட்ல இருக்கும்போது "ஏட்டி"ன்னு கூப்பிடுவேன். படகுல ஏறிட்டா "சொல்லுங்க கேப்டன்"தான்.

இந்த வருஷம் முன்பாயை நான் கிழிச்சுட்டேன். எப்படின்னு கேக்காதீங்க. அதுல என் லுங்கியைக் காயப்போட்டேன், அவ்வளவுதான் சொல்லுவேன். அங்கன பாய் தைக்கிறவர்ட்ட கொண்டு போனா, "சீசன் நேரம், ஒரு மாசம் ஆகும்"னுட்டாரு.

நான் சும்மா இருக்கணும்ல? "ஒரு மாசமா! எப்படியும் ரெண்டு வாரம் ஊருக்குப் போறோம்லா, எங்க தென்காசியில ரெண்டே நாள்ல தச்சுக் குடுப்பாங்க"ன்னு சவடால் விட்டேன்.

சங்கரி ஒண்ணுமே சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலன்னா என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும்.

பாயைச் சுருட்டி ஃப்ளைட்ல போட்டுக் கொண்டுவந்து, பொன்னையா அண்ணாச்சி கடையில இறக்கினேன். ஸ்ரீ பொன்மாரி பந்தல் ஸ்டோர். லாரித் தார்ப்பாய் தைக்கிற பெரிய மிஷின் அவருட்டதான் இருக்கு. கடையில எதைப் பார்த்தாலும் சிவப்புப் பெயிண்ட்ல கடைப் பேரு. சேர்ல, டிரம்முல, அண்டாவுல, கரண்டிக் காம்புல கூட.

அண்ணாச்சி பாயை விரிச்சுப் பார்த்தாரு. "என்னவே, பாதிதான் இருக்கு?"

"அண்ணாச்சி, இது முக்கோணம்."

"யாரோ உம்மள நல்லா ஏமாத்தியிருக்கான்"னுட்டு தைக்க எடுத்துக்கிட்டாரு.

பாயை வாங்கப் போன நாளுக்கு மறுநாள் சாயங்காலம் திருவனந்தபுரத்துல ஃப்ளைட். பாய் இல்லாமப் போனா மிச்ச சீசன் முழுக்கப் படகு கரையிலதான் நிக்கும். தரையில நிக்குற படகுக்குள்ள ஏணி போட்டு ஏறி, நாலு மாசம் நான் சமைக்கணும், சங்கரி என் மூஞ்சியைப் பார்க்கணும். ரெண்டு பேராலயும் முடியாது.

"இந்த ஒரு வேலையையாவது உருப்படியா முடிங்க. வேண்டாம், நானும் வாரேன்"னு ஸ்கூட்டர்ல பின்னால ஏறிக்கிட்டா.

கடைக்குப் போனா பொன்னையா அண்ணாச்சி சிரிச்ச முகமா நிக்காரு. "ஜம்முனு தச்சாச்சு அண்ணாச்சி!"

"குடுங்க."

"அதான்... காலைல லோடு ஏத்தும்போது அதுவும் சேர்ந்து போயிருச்சு. இலஞ்சியில ஒரு காதுகுத்து வீடு. மூணு மூலையிலயும் வளையம் ரெடியா இருந்துச்சா, பயலுவளுக்குத் தோதாப் போச்சு."

நான் சங்கரியைத் திரும்பிப் பார்க்கல. பார்க்கவும் தைரியம் வேணும்.

மூணு பேரும் இலஞ்சிக்குப் பறந்தோம். வாசல் முன்னால ஆகாசத்துல விரிஞ்சு கெடக்கு எங்க பாய்! ஒரு மூலை மொட்டைமாடிச் சுவர்ல, ஒரு மூலை சவுக்குக் கம்புல, ஒரு மூலை முருங்கை மரத்துல. கீழ நூறு பேரு இட்லி சாப்பிட்டுட்டு இருக்காவ.

நான் நேராப் போயி முருங்கை மரத்துக் கயித்துல கையை வச்சேன்.

"ஏலே, எவம்லே அது?"

தாய்மாமன். பேரு சுடலைமுத்து. பட்டாளத்துல இருக்காரு, மீசையைப் பார்த்தாலே தெரியும். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு.

"அண்ணாச்சி, எனக்கு லீவு மொத்தம் அஞ்சு நாளு. ரெண்டு நாளு ரயில்லயே போயிருச்சு. என் தங்கச்சி பிள்ளைக்கு என் மடியில வச்சுக் காது குத்தணும், அதுக்குன்னு வந்திருக்கேன். பத்தரை வரைக்கும் நல்ல நேரம். அதுவரைக்கும் ஒரு கயிறு அவுரக் கூடாது. உக்காந்து இட்லி சாப்பிடுங்க."

எங்க பாய்க்குக் கீழயே விருந்தாளியா உக்காந்தோம்.

சங்கரி இட்லியைத் தொடல. அண்ணாந்து பார்த்துட்டே இருந்தா. "என்னங்க, சாரல் காத்து ஆரம்பிச்சாச்சு. சாமியானா வழியா காத்து கொஞ்சமாச்சும் போயிரும். இது காத்தைப் பிடிக்கதுக்குன்னே செஞ்சது."

"அரை மணி நேரம்தானட்டி. சாப்பிடு."

நானாவது சாப்பிட்டுட்டு சும்மா இருந்திருக்கலாம். கண்ணு அந்த முருங்கை மரத்து முடிச்சு மேல போச்சு. லொடலொடன்னு இருக்கு. கிளை வேற ஆடுது.

"என்ன அண்ணாச்சி, இது ஒரு முடிச்சா?"ன்னேன்.

பொன்னையா அண்ணாச்சி பொறுமையாச் சொன்னாரு. "பெருங்காத்து வந்தா அது தானா அவுந்துக்கணும். அதுக்குன்னே போட்ட முடிச்சு."

"கடல்ல குடியிருக்கவன்ட்ட முடிச்சைப் பத்திப் பேசுதீரே!"

இந்த இடத்துல ஒரு தகவல். அந்தப் பரீட்சையில நான் முழு மார்க் வாங்கின ஒரே பகுதி, முடிச்சு போடுறது.

மரத்துலருந்து கயித்தை அவுத்தேன். பக்கத்துல பந்தல் ஸ்டோர் மினி லாரி நின்னுச்சு. அதோட கொக்கியில, இழுக்க இழுக்க இறுகுற மாதிரி ஒரு முடிச்சு போட்டேன். அப்படி ஒரு முடிச்சை இலஞ்சி பார்த்திருக்காது.

லாரிக்கு ஹேண்ட்பிரேக் கிடையாதுங்கதும், சக்கரத்துக்கு ஒரு கல்லுதான் அண்டை குடுத்திருக்குங்கதும், பின்னால பாயாச அண்டாவை ஆற வச்சிருக்குங்கதும் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மணி பத்தே கால். சுடலைமுத்து மனையில உக்காந்து பிள்ளையை மடியில வச்சாரு. மொட்டை போட்டு சந்தனம் தடவின பிள்ளை. காது குத்த வந்த ஆசாரி கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு குனிஞ்சாரு.

செங்கோட்டைப் பக்கமிருந்து வந்துச்சு பாருங்க காத்து!

பாய் ஒரு தடவை பொத்துனு அடிச்சுட்டு, கும்முனு உப்பிருச்சு. மொட்டைமாடி முடிச்சு, அண்ணாச்சி சொன்ன மாதிரியே, மரியாதையா அவுந்துக்கிட்டுது. சவுக்குக் கம்பு பிடுங்கிட்டு வந்துச்சு. என் முடிச்சு? அசையல!

கல்லு நழுவுச்சு. லாரி பைய நகர ஆரம்பிச்சுது.

"ஏ, பாயாசம் போகுதுலே!"ன்னு ஒருத்தர் கத்தினாரு.

சுடலைமுத்து துள்ளி எந்திரிச்சாரு. பிள்ளையை யார்ட்டயாவது குடுக்கணும். பக்கத்துல நான் நின்னேன். "புடியும்வே"ன்னு கையில திணிச்சுட்டு ஓடிட்டாரு. நின்னா பிள்ளையைக் கீழ போட்டுருவேனோன்னு பயம். அப்படியே மனையில உக்காந்துட்டேன்.

அங்கன பார்த்தா, சுடலைமுத்தும் சொந்தக்காரங்க எட்டுப் பேரும் கம்புப் பக்கத்துக் கயித்தைப் பிடிச்சு இழுக்காங்க. அவங்க இழுக்க இழுக்க பாய் இன்னும் உப்புது, லாரி இன்னும் வேகமாப் போகுது. டிரைவர் ஒரு கையில சாவி, ஒரு கையில இட்லியோட பின்னால ஓடுதாரு. ஒரு பெரியவர் லாரி கூடவே நடந்துக்கிட்டு, டம்ளரை அண்டாவுக்குள்ள விட்டு மோந்து குடிக்காரு. ரோடு சரிவு. கடைசியில குளம்.

சங்கரி ஓடினா. படகுல கத்துவாளே, அதே சத்தம்.

"இழுக்காதீங்க! கயித்தை விடுங்க!"

"விட்டா போயிரும்மா!"ன்னாரு சுடலைமுத்து.

"விட்டாத்தான் நிக்கும்! நான் கேப்டன் சொல்லுதேன், விடுங்க!"

கேப்டன்ங்கிற சொல்லு காதுல விழுந்ததும் பட்டாளத்துக்காரர் விறைச்சு நின்னு கயித்தை விட்டுட்டாரு. மத்த எட்டுப் பேரும் விட்டாங்க. பாய் காத்தை விட்டுட்டு, கொடி மாதிரி படபடன்னு அடிச்சுது. லாரி ஒரு இருபது அடி சும்மா உருண்டு, குளத்துக்கரைக் கல்லுல முட்டி நின்னுச்சு. பாயாசத்துல பாதி லாரியில, கொஞ்சம் எங்க பாய்ல.

எல்லாரும் கைதட்டுதாங்க. எனக்கு நெஞ்சு கொள்ளல. என் பொண்டாட்டிலே!

"முடிஞ்சுது"ன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா, ஆசாரி கண்ணாடியைக் கழட்டிட்டு இருக்காரு.

பிள்ளையோட ரெண்டு காதுலயும் தங்கக் கம்பி. பிள்ளை பாயை வேடிக்கை பார்த்துச் சிரிச்சுட்டு இருந்திருக்கு, ஒரு பொட்டுக் கண்ணீர் இல்ல. ஆசாரிக்கு நல்ல நேரம் முடியுறதுக்குள்ள ஒரு மடி இருந்தாச் சரி. யாரு மடின்னு நிமிர்ந்து பார்க்கல.

சுடலைமுத்து மூச்சு வாங்க வந்து நின்னாரு. பிள்ளையைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு.

"ஆசாரியாரே, இவர் யாரு?"

"மாமன் இல்லையா?"ன்னாரு ஆசாரி. "ஓட்டை போட்டாச்சேப்பா, இனி அடைக்கவா முடியும்?"

மனுசன் ஏசுவாருன்னு பார்த்தேன். ஏசல. அந்த மீசைக்கு மேல கண்ணு கலங்கிருச்சு. "இதுக்குத்தான வந்தேன்"னாரு, சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு. முடிச்சு போட்ட கையை வெட்டிப் போட்டாலும் தகும்.

சங்கரிதான் பக்கத்துல வந்தா. "அண்ணாச்சி, கம்பிதான மாட்டியிருக்கு? கம்மல் இன்னும் போடலையே. கம்மல் போடுறவருதான் மாமன். இவரு சும்மா மனைக்கட்டை."

இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில என்னைப் பத்தி அவ சரியாச் சொன்னது அதுதான்.

சுடலைமுத்து சிரிச்சுட்டாரு. மனையில உக்காந்து பிள்ளையை வாங்கினாரு. குத்தும்போது அழாத பிள்ளை, கிட்டத்துல அந்த மீசையைப் பார்த்ததும் வீல்னு கத்திச்சு. "ஆங், இப்பத்தான் காதுகுத்து மாதிரி இருக்கு"ன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கத்தலுக்கு நடுவுலயே ஆசாரி கம்பியைக் கழட்ட, மாமன் கையாலயே கம்மல் ஏறுச்சு.

பொன்னையா அண்ணாச்சி பாயைத் தடவிப் பார்த்தாரு. "என் தையல் ஒரு நூல் பிரிஞ்சுதா பாரும்! உம்ம முடிச்சை மட்டும் அரிவாள் வச்சுத்தான் அறுக்கணும்."

"பாயாசக் கறை?"

"அலசிக் காயவச்சு நாளைக்குக் காலைல வீட்டுக்கே கொண்டு வாரேன். தப்பு என்னோடது. நானே நல்ல அடையாளம் ஒண்ணும் போட்டுத் தாரேன், இனிமே எங்கயும் மாறிப் போகாது."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

சொன்ன மாதிரியே மறுநாள் காலைல மடிச்சு, கட்டி, வாசல்ல வச்சாரு.

"பிரிச்சு ஒரு தடவை பார்த்துருவமா?"ன்னா சங்கரி.

"எவ்வளவு அழகா மடிச்சிருக்காரு! பிரிச்சா நம்மளால மடிக்க முடியாது. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு, ஏறு"ன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன்.

மூணு நாள் கழிச்சு கிரீஸ்ல, நக்ஸோஸ் தீவுத் துறைமுகத்துல பாயை ஏத்தினோம். காத்து அருமை. பாய் மேல போகப் போக, கரையில காபி குடிச்சுட்டு இருந்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னாங்க.

ஆளுயர எழுத்து. சிவப்புப் பெயிண்ட். ரெண்டு பக்கமும்.

"ஸ்ரீ பொன்மாரி பந்தல் ஸ்டோர், தென்காசி. கல்யாணம், காதுகுத்து, சகல விசேஷங்களுக்கும்."

சங்கரி ஒண்ணுமே சொல்லல.

அந்த நேரம் பார்த்து பக்கத்துல போன பெரிய கப்பல் மேல்தட்டுலருந்து ஒரு குரல். சமையல்காரத் தொப்பி போட்ட ஒருத்தர் ரெண்டு கையையும் ஆட்டுதாரு.

"அண்ணாச்சி! தென்காசியா? நான் கடையநல்லூரு! சேரும் பாத்திரமும் உண்டா?"

"கேக்காருல்ல, பதில் சொல்லுங்க"ன்னா கேப்டன்.

பொன்னையா அண்ணாச்சி சொன்ன சொல்லு தவறாத மனுசன். இன்னைய தேதி வரைக்கும் அந்தப் பாய் எங்கயும் மாறிப் போகல.