இரண்டு வினாடியில் செத்துப்போன சேர்வர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, உயிரோடு இருந்த மூன்று பேரைச் செத்துவிட்டதாக அறிவித்த பெருமை எனக்கு உண்டு. மூன்று பேரும் கணினிச் சேர்வர்கள் என்பதால் வழக்கு ஒன்றும் வரவில்லை. (வந்திருக்கலாம். கொஞ்சமாவது அடங்கியிருப்பேன்.)

கிளிநொச்சியில் ஒரு சின்ன நிறுவனம். நெல்வெட்டும் மெசினை விவசாயிகள் போனிலேயே பதிவுசெய்ய ஒரு செயலி செய்தோம். வருகிற வேலையை மூன்று சேர்வர்களுக்கும் பகிர்ந்துகொடுக்கும் பகுதி என்னுடையது. ஒரு சேர்வர் இரண்டு வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் அது செத்ததாக அர்த்தம். அதைத் தூக்கிவிட்டு, அதன் வேலையை மற்றவற்றின் தலையில் போடவேண்டும். இதை எழுதிவிட்டுக் குளம் கட்டிய ராசா மாதிரித் திரிந்தேன்.

"ரண்டு செக்கன் காணுமோ தங்கச்சி? சனம் கூடினா அது மெதுவாத்தானே வேலை செய்யும்" என்றார் கூட வேலைசெய்த அண்ணை.

"மெதுவா வேலை செய்யிறது எனக்குத் தேவையில்லை அண்ணை" என்றேன். அந்த வாயில் இப்போதும் ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது.

ஊரில், அக்கராயனில், எங்கள் நெல் விளைந்து நின்றது. மழை வேறு வரப் பார்த்தது. அப்பா வழமையாக மெசின்காரரை நேரே கூப்பிடுவார். நான் விடவில்லை. "என்ர சிஸ்டத்தில பதியுங்கோ அப்பா."

காலை ஒன்பதுக்குப் பதிவு திறந்தது. சனம் ஒரேயடியாக வந்து விழ, முதல் சேர்வருக்கு மூச்சு வாங்கியது. என் நிரல் அதைச் செத்ததாக அறிவித்தது. அதன் சுமையும் சேர்ந்து இரண்டாவது திணற, அதையும் தூக்கியது. மூன்றாவது தனியாக எவ்வளவு நேரம் நிற்கும்? (என் தேத்தண்ணி ஆறவில்லை.) கொஞ்சப் பேரை வாசலில் காக்கவைத்திருந்தால் மூன்றும் பிழைத்திருக்கும். அந்த யோசனை அண்ணைக்கு வந்தது, பட்டதாரியான எனக்கு வரவில்லை.

அவர் சரிசெய்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. அதற்குள் பக்கத்து வயல்காரர் மெசின்காரரைப் போனில் பிடித்துவிட்டார். மழை வந்தது, எங்கள் நெல் படுத்தது, சேற்றில் மெசின் இறங்காது. அரிவாளோடு நாங்கள்தான் இறங்கினோம். என்ன பிழை நடந்தது என்று வீட்டில் விளக்கிச் சொன்னது நான் செய்த அடுத்த முட்டாள்தனம்.

பத்துப் பிடி வெட்டியதும் வரம்பில் குந்திவிட்டேன். வெட்கத்தில் அழுகை வந்தது.

அம்மா நிமிரவேயில்லை. "இவா செத்துப்போனா. இவான்ர பங்கையும் நாங்கள் வெட்டுவம்."

"அப்ப அடுத்தது நான்" என்றார் அப்பா.

இப்போதும் போனை எடுக்கச் சற்றுப் பிந்தினால் அம்மா ஹலோ சொல்வதில்லை. "செத்திட்டியோ, மூச்சு வாங்குறியோ?" என்றுதான் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரும்: "ரண்டு செக்கன் ஆயிட்டுது. இவளைத் தூக்கிப் போட்டுத் தம்பிக்குப் போன் எடும்."

தம்பி இதுவரை தாங்கிக்கொண்டிருக்கிறான்.