மூன்று மணி நேரச் சம்மணம்

பூவரசன் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

வீட்டு நடுவில், தரையில், சம்மணம் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. முதல் நான்கு நிமிடம் பெருமையாக இருந்தது. ஐந்தாவது நிமிடம் வலது முட்டியில் யாரோ ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். எட்டாவது நிமிடத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே தனக்கு எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. மனைவி வசந்தா ஒரு பக்கமும் அத்தை காசியம்மாள் ஒரு பக்கமுமாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். போட்ட கால்கள் போட்டபடியே மேலே வந்தன.

"வெந்த இறால் மாதிரி சுருண்டுட்டியேடா," என்றாள் காசியம்மாள். அவள் பூவரசனுடைய நைனாவின் தங்கை, எழுபத்தெட்டு வயது. அந்த வயதிலும் தரையில் குந்தி நாள் முழுக்க வலையிலிருந்து நண்டு பிரிப்பாள்.

பூவரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற விஷயமா இது?

ஏரியில் எந்த வீட்டார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்கிற முறைக்குப் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒரு முறை அம்மன் கோயில் முன் மணலில் குப்பமே கூடிச் சீட்டு எடுத்து அதைப் பிரித்துக்கொள்ளும். முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை நடுவில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம். நடுவில் எழுந்தால் எடுத்த சீட்டு அத்தனையும் செல்லாது. அந்த இடமும் அடுத்த வகையறாவுக்குப் போய்விடும்.

நான்கு தலைமுறையாக அது பூவரசன் வீட்டு இடம். நைனா போன வருடம்கூட, எண்பத்திரண்டு வயதில், கல்லில் செதுக்கிய மாதிரி உட்கார்ந்திருந்தார். மாசியில் போய்ச் சேர்ந்தார். இனிப் பூவரசன்தான். ஐம்பத்தொன்பது வயது. வீட்டுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வந்து இருபது வருடம் ஆகிறது; தரைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றும் இருபது வருடம் ஆகிறது. கூட்டத்துக்கு இன்னும் நாற்பது நாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், யோகா பண்ணுங்கள் என்று சொன்னார். செவ்வாய்க்கிழமை தோறும் அங்கேயே இலவசமாகச் சொல்லித் தருகிறார்களாம். சொல்லித் தருகிறவள் யாரென்று பூவரசன் விசாரித்தார். சத்யா. தங்கவேலுடைய மருமகள்.

அந்த அடுத்த வகையறாவின் தலைவர்தான் தங்கவேல். அவர் வீட்டுப் பெண்ணிடம் போய்க் காலை மடக்கத் தெரியாது என்று சொல்வதைவிட ஏரியில் குதிக்கலாம். ஆனால் ஏரியில் இடுப்பளவுதான் தண்ணீர்.

ஆகவே கைப்பேசி. கதவைச் சாத்திக்கொண்டு, அதில் வரும் யோகா அம்மாள் சொல்கிறபடி செய்தார். "மெதுவாக மூச்சை இழுங்கள், இப்போது விடுங்கள்," என்று அவள் சொல்வதும், நடுநடுவே இவர் முனகுவதும் தெருவரை கேட்டன. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வசந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குள் யாருக்குப் பிரசவம் என்று கேட்டாள்.

வீடு சரிப்படாது என்று முடிவாயிற்று. மறுநாள் விடிகிற நேரத்தில் சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனார். பசியாவரம் பக்கம் ஆளில்லாத மணல் திட்டு ஒன்று உண்டு. அங்கே கிழக்கே பார்த்து, ஒரு காலைத் தூக்கி மறு தொடையில் வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நின்றார். பூநாரைகள் நாலைந்து அதே மாதிரி நின்றன. அவை எதுவும் கேட்கவில்லை. பூவரசனுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று அந்தத் திட்டைச் சுற்றி யாருடைய பாடு என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

இரண்டு படகுகள் வந்து நின்றன. முன்படகில் தங்கவேல்.

"வலையில்லாம, ஆளில்லாம, எங்க பாடு நாள்ல எங்க எடத்துல இன்னா மச்சான் பாத்துக்கினு கீற?"

அடுத்தவன் பாடு நாளில் மீன் போக்கு பார்ப்பது குப்பத்தில் களவுக்குச் சமம். அப்படிச் செய்தவன் சீட்டுக் கூட்டத்தில் ஓரமாகக்கூட உட்கார முடியாது. நடுவில் எங்கே உட்காருவது? யோகா என்று சொன்னால் முட்டி விஷயம் வெளியே வரும். சொல்லாவிட்டால் களவுப் பட்டம். பூவரசன் இன்னும் ஒற்றைக்காலில்தான் நின்றிருந்தார். அந்த நிலையில் வாயில் வந்தது இது:

"அம்மனுக்கு வேண்டுதல். ஒத்தக்கால்ல நிக்கணும். இருபத்தோரு நாள்."

தங்கவேல் துடுப்பை மணலில் ஊன்றினார்.

"கோயில் அங்க கீது. நீ இங்க வந்து கொக்குக்குக் காட்டிக்கினு நிக்குறியே. நாளைலேர்ந்து அங்க வந்து நில்லு மச்சான். ஊரும் பாக்கட்டும்."

ஊர் பார்த்தது. முதல் நாள் ஏழு பேர். மூன்றாம் நாள் எழுபது பேர். ஒருத்தி ஊன்றிய காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள்; கால் வழுக்கியது. இன்னொருத்தி கைக்குழந்தையை அவர் முன் கிடத்தினாள். விழுந்தால் குழந்தை மேல்தான் விழ வேண்டும் என்பதால் அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

பொய்யாகச் சொன்ன வேண்டுதல் உறுத்தத்தான் செய்தது. சொன்னபடி இருபத்தோரு நாளும் நின்றுவிட்டால் அது பொய்யாகாது என்று மனதுக்குள் அம்மனிடம் ஒப்புக்கொண்டார். நிற்பது போதாதென்று குனிந்து மண்ணைத் தொடுவதையும், உட்கார்ந்து காலை மடக்குவதையும் சேர்த்துக்கொண்டார். பக்தி முற்றுகிறது என்று ஊர் பேசிக்கொண்டது.

ஐந்தாம் நாள் சத்யா வந்தாள். கைகூப்பி அம்மனைச் சுற்றி வந்தவள் அவர் அருகில் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்ததைப் பார்த்தவர்களுக்கு மந்திரம் சொல்வது போலத்தான் இருந்திருக்கும்.

"மாமா, மூச்சப் புடிச்சிக்கினு குனியாதீங்க. விட்டுக்கினே குனிங்க."

பூவரசன் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் மூச்சை விட்டார். ஐந்து நாளாக எட்டாத மண் கையில் பட்டது.

மறுநாள் அடுத்த சுற்று, அடுத்த மந்திரம். முட்டியைக் கையால் அமுக்கக் கூடாது, இடுப்பிலிருந்து திறக்க வேண்டும், அடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கும் மறுநாள் பூவரசன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"உங்க மாமனாருக்குத் தெரியுமா?"

"சாமி கும்புட வரேன். அதுல அவருக்கு இன்னா தெரியணும் மாமா?"

பத்து நிமிடம் இருபதானது. இருபது நாற்பதானது. வேண்டுதல் முடிந்த பிறகு வீட்டிலும் தொடர்ந்ததில் நாற்பது இரண்டு மணி நேரமானது. முட்டியில் ஆணி அடித்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். படுத்தால் விடியும் வரை தூக்கம் வந்தது. ஒரு நாள் குழம்பில் உப்பே இல்லை; முன்பென்றால் தட்டு பறந்திருக்கும். பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். வசந்தா பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, ஆரம்பாக்கத்துக்குப் போய் நல்ல டாக்டராகப் பார்த்து வரலாமா என்று கேட்டாள்.

கூட்டத்து நாள் வந்தது. வருடா வருடம் செய்கிறபடி காசியம்மாள் இடத்தைப் பெருக்கிப் பாய் விரித்துவைத்தாள். பூவரசன் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே தங்கவேல். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. பூவரசனுடைய முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மணி நேரம் போனது. முட்டி அசையவில்லை. இரண்டாவது மணியும் போனது. அப்போது தங்கவேல் எழுந்தார்.

"அந்தச் சீட்ட மடிச்சதுலயே ஏதோ கீது. உங்க வூட்டு ஆளுங்கதான மடிச்சது? திருட்டு வேலை எங்க போவும்?"

கூட்டம் பூவரசனைத் திரும்பிப் பார்த்தது. இந்தச் சொல்லுக்குப் பழைய பூவரசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றிருப்பார். எழ வேண்டும் என்பதற்காகத்தான் தங்கவேல் அதைச் சொன்னார். பூவரசனுக்குக் காதுவரை சூடு ஏறியது. மூச்சை இழுத்தார். நாலு எண்ணினார். விட்டுக்கொண்டே ஆறு எண்ணினார். இன்னொரு முறை.

பிறகு, "மீதிச் சீட்டப் பிரிச்சு எல்லாருக்கும் காட்டுங்கப்பா. மறுபடி மச்சான் கையாலயே மடிக்கட்டும்," என்றார். குரல் உயரவில்லை.

தங்கவேல் மீதிச் சீட்டையெல்லாம் தன் கையாலேயே மடித்தார். அதனால் கூட்டம் அரை மணி நேரம் நீண்டதுதான் மிச்சம். கடைசிச் சீட்டு எடுத்தாயிற்று. பூவரசன் யார் கையும் பிடிக்காமல் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். தங்கவேல் கிட்டே வந்தார்.

"உங்க நைனா மாதிரியேதான் உக்காந்துட்ட," என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூவரசன் நேராக நைனாவின் படத்துக்கு முன் போய் நின்றார். நாற்பது நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் கண் கலங்கிவிட்டது.

"நைனா, நாலு தலைமுறைப் பேரக் காப்பாத்திட்டேன்," என்றார்.

நண்டு பிரித்துக்கொண்டிருந்த காசியம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உங்க நைனாவுக்கு நாப்பது வயசுலயே முட்டி மடங்காதுடா, வருஷா வருஷம் விடியறதுக்குள்ள மணல்ல குழி தோண்டி, பாய நடுவுல கிழிச்சு மேல போட்டு, கால உள்ள தொங்கவுட்டு, வேட்டியப் பரப்பி உக்கார வெச்சவ நானு, உங்க தாத்தாவுக்குத் தோண்டினது எங்கம்மா. இந்த வம்சத்துல நெசமா சம்மணம் போட்டவன் நீ ஒருத்தன்தான்."