பையில் குட்டியோடு ஒரு வாம்பட்

ஹார்ஷம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள க்ளெனிஸ் அக்காவுக்கு,

தம்பி டேரில் எழுதுவது. நானும் நரெலும் பையன் ஃப்ளினும் நாயும் இங்கே சுகம். ஹோபார்ட் குளிரிலும் உன் முழங்கால் உன் சொல்பேச்சுக் கேட்டு நடக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் தம்பி பெரிய ஆளாகிவிட்டான், அக்கா. உட்கார்ந்து படி. வீட்டில் நாயிடம்கூட ஓயாமல் பேசுகிற ஃப்ளின், கிண்டர்கார்டனில் வாயே திறப்பதில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? தினமும் அவனோடு உள்ளே போய், அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, என் கண்ணாலேயே பார்க்கிறேன். ப்ரான்வின் டீச்சர், "காலைல என்ன சாப்பிட்ட ஃப்ளின்?" என்று கேட்டால் தரையைப் பார்க்கிறான். பாவம், நான்தான் "டோஸ்ட்டும் வெஜிமைட்டும் டீச்சர், ஓரத்தை நாய்க்குப் போட்டுட்டான்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் அடுத்த வருடம் பள்ளிக்கூடம் கிடையாது, இன்னொரு வருடமும் கிண்டர்தான் என்று சொல்லிவிடுவார்களோ என எங்களுக்குத் தூக்கமே இல்லை. இன்று மதியம் பேச வரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டிருக்கிறார் வேறு.

இதற்கு நடுவில் கிண்டருக்கு விளையாட்டு மாவு, அதான் பிளேடோ, கிண்டிக் கொடுக்கும் முறை இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மற்ற அப்பாக்கள் மாவு, உப்பு, எண்ணெய், வெந்நீர் எல்லாம் கலந்து, பச்சைச் சாயம் ஊற்றி, உருட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அப்படியா? கோகோ போட்டேன். வீடே கமகமவென்று மணந்தது. பூண்டு நசுக்கியில் மாவை வைத்து அழுத்தினால் நூல் நூலாக வருமே, அதை ஒட்டி ஆட்டுக்கு ரோமம் வைத்தோம். பாம்பு பாம்பாக உருட்டி வளைத்து அவன் பெயரை எழுதினோம். யூகலிப்டஸ் காயைப் பதித்துத் தடம் வைத்து எண்ணினோம். கடைசியில், கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் குண்டு வாம்பட் ஒன்று. குழி தோண்டும்போது மண் உள்ளே போகாமலிருக்க அதன் பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும் என்று சொன்னதுதான் தாமதம், பட்டாணி அளவில் ஒரு குட்டி செய்து பைக்குள் வைத்துவிட்டான். யாரு பிள்ளை!

நேற்று கிண்டரில் டீ விருந்து. 'ஆளுக்கொரு தட்டு கொண்டு வாருங்கள்' என்று கதவில் ஒட்டியிருந்தது. தட்டு என்றால் தின்பண்டத்தோடு என்று தெரியாமல் வெறுந்தட்டை நீட்டிக்கொண்டு போக நான் என்ன வெளியூர்க்காரனா? நரெல் செய்த சாக்லேட் ஸ்லைஸ் ஒரு தட்டில், எங்கள் விலங்குகள் ஒரு தட்டில், ரெண்டுக்கும் ஒரே மாதிரி துணி போட்டு மூடி எடுத்துட்டுப் போனேன். மேசையும் ரெண்டு, ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு பிள்ளைங்க மாவு விளையாட்டுக்கு. எதை எங்க வெச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும், லியோனி கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க! பெற்றோர் சங்கத் தலைவி அவங்க. கூப்பிட்டவங்க சும்மா இருந்தாங்களா, "டேரில், வாசனை ஆளைத் தூக்குது, நீங்க செஞ்சதா?"ன்னு கேட்டு வாம்பட்டை எடுத்து பின்பக்கமா ஒரே கடி. அந்தப் பக்கம் நரெலோட ஸ்லைஸ் பூண்டு நசுக்கியில நூலா வந்துக்கிட்டு இருக்கு. லியோனி முகம் போன போக்கைப் பார்க்கணுமே, வாய் நிறைய உப்பு, துப்பவும் கௌரவம் விடல.

அப்பதான் அக்கா, அத்தனை பேர் நடுவுல என் புள்ள நாற்காலி மேல ஏறி நின்னு கத்தினான்: "லியோனி ஆன்ட்டி, துப்புங்க! பையில குட்டி இருக்கு!"

துப்பினாங்க. குட்டி முழுசா வந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. நான் அழுதுட்டேன், சொல்றதுக்கு வெட்கமே இல்லை. எந்த டாக்டரும் செய்யாததை என் மாவு செய்திருக்கிறது. மதியம் டீச்சர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் போகப்போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். உன் முழங்காலுக்கு எங்கள் மரியாதை.

உன் அன்புத் தம்பி,
டேரில்

பி.கு.: டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஃப்ளின் முதல் வாரத்திலிருந்தே கிண்டரில் நன்றாகப் பேசுகிறானாம். நான் கிளம்பிய பிறகு. திங்கட்கிழமையிலிருந்து அவனை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகமுடியுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். "ஏன்டா, நான் இருக்கும்போது மட்டும் பேசலை?" என்று கேட்டேன்.

"நீங்க முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்ப்பா" என்கிறான்.