சர்வர் சாமியாரும் ஒரு பொய்க் கடிகாரமும்

பார்சல் கம்பெனியின் கணினி அறையில் எள் விழ இடமில்லை. வேலை பார்க்க வந்த கூட்டமா? இல்லை, சர்வர் சாமியாரைப் பார்க்க!

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்சல் கணக்குப் போடும் புரோகிராம் மல்லாந்துவிடும். சாமியார் வருவார். எல்லோரும் ஆளுக்கொரு கேபிளை நெற்றியில் அழுத்திக் கண்ணை மூட வேண்டும். அவர் சர்வரைத் தடவித் தடவி முணுமுணுப்பார். ஒரு மணிக்குப் புரோகிராம் துள்ளி எழும். பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவர்கள் தடாலென்று காலில் விழுவார்கள். மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டார்கள் போலும்.

அங்கே வேலை பார்க்கும் கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று சாமியாரின் விரல் அவளை நோக்கி நீண்டிருந்தது. "இந்தப் பொண்ணு கை பட்ட பாவம். இவ இருக்கிறவரைக்கும் இது விழுந்துக்கிட்டேதான் இருக்கும்." மேலாளர் தலையாட்டிவிட்டார். இன்றோடு வேலை போகிறது. அவள் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பே எரிகிறது. வயிறு எரிந்தது அவளுக்கு. புரோகிராமைத் திறந்தாள்.

அது தேவைப்படும்போதெல்லாம் தானே போய் மணி பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் பன்னிரண்டில் நடப்பதைச் சோதிக்கப் பன்னிரண்டு வரை காத்துக் கிடக்க வேண்டும். அவள் அதை மாற்றினாள். இனி மணி சொல்ல ஒரு கடிகாரத்தை நாமே வெளியிலிருந்து கொடுப்போம். அது சொல்வதே மணி. நிஜக் கடிகாரத்தையும் கொடுக்கலாம், பொய்க் கடிகாரத்தையும் கொடுக்கலாம். புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது, பக்தர்களைப் போலவே.

காலை பத்து மணிக்கே சாமியார் வந்துவிட்டார், அவள் நாற்காலியின் பாவத்தைப் போக்க.

"பொன்னான நேரம்! இப்ப இடியே விழுந்தாலும் இது விழாது!"

"அப்படியா சாமி?"

பன்னிரண்டு என்று மட்டுமே சொல்லும் பொய்க் கடிகாரத்தைக் கொடுத்து, ஒரு தட்டு தட்டினாள். புரோகிராம் பொத்தென்று விழுந்தது.

"எழுப்புங்க சாமி."

தடவினார். கத்தினார். சர்வரைக் கட்டிப்பிடித்தார். பக்தர்களின் நெற்றியில் கேபிள் பள்ளம் போட்டது. சுவரில் மணி பதினொன்றாகியும் சர்வர் அசையவில்லை. பொய்க் கடிகாரம் பன்னிரண்டை விட்டு நகர்ந்தால்தானே!

"வயிறு சரியில்லம்மா…" என்று நெளிந்தார் சாமியார்.

அவள் கடிகாரத்தை ஒரு மணிக்குத் தள்ளினாள். புரோகிராம் எழுந்துகொண்டது. யாரும் தடவவில்லை.

"பன்னண்டுக்குள்ள அனுப்ப வேண்டிய பார்சலை, மிச்சமிருக்கிற மணி நேரத்தால வகுக்குது. நிமிஷத்தை அது பார்க்கறதில்ல, பன்னண்டு அடிச்சா ஒரு மணி வரைக்கும் மிச்சம் பூஜ்யம். பூஜ்யத்தால வகுத்தா விழாம என்ன செய்யும்? ஒரு மணிக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்ப வேண்டிய பார்சல் கணக்கு ஆரம்பிக்குது, தானா எந்திரிக்குது."

"எந்த மடையன் இதை எழுதினான்?" என்று சீறினார் மேலாளர்.

"நீங்கதான் சார். அந்த வரிக்குப் பக்கத்துலயே உங்க பேரு இருக்கு."

காலில் சிக்கிய கேபிளோடு சாமியார் நழுவினார். அவள் வேலை தப்பியது. கூட்டம் மட்டும் கலையவில்லை. பொய்க் கடிகாரம் இருந்த அவள் கணினித் திரையின் முன் வரிசை கட்டி நின்றது, நெற்றியில் கேபிளோடு. மேலாளர்தான் முதல் ஆள்.

"ஏம்மா, இதுக்கு எப்படிம்மா இவ்வளவு சக்தி?"

கண்ணாடிக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"புரோகிராமுக்குச் சொந்தமா மூளை கிடையாது, கொடுத்தவன் சொல்றதை நம்புது. உங்களுக்கு இருக்குல்ல சார்? வெளிய எடுங்க. இன்னும் பிரிக்காம புத்தம் புதுசாத்தான் இருக்கும்!"