ஏழாம் நம்பருக்கு நானூறு அடி

பதினான்கு மட்டைகளில் பதின்மூன்றை வனிதா அடித்துவிட்டாள். ரகுநாத் எழுதிய பட்டியலில், சிவப்புப் பேனாவால், ஒரே மூச்சில். மளிகைச் சீட்டில் ஏலக்காயை அடிக்கிற அதே கை.

"ஏங்க, பந்து ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அடிக்கிற ஆளும் ஒண்ணு. குச்சி மட்டும் எதுக்குப் பதினாலு?"

ரகுநாத்துக்குப் பதில் தெரியும். தூரத்துக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, குழிக்குப் பக்கத்தில் போய் மெல்லத் தள்ள ஒன்று. ஆனால் வடக்கே ஓர் உருக்காலையில் முப்பத்து நான்கு வருஷம் உருகிய இரும்புக்குப் பயப்படாமல் நின்ற மனிதர், ஓய்வுபெற்று ஆலங்குடிக்கு அருகே வீடு கட்டி வந்த பிறகு, இந்த ஒரு பெண்மணியிடம் ஒரு பேச்சிலும் ஜெயித்ததில்லை.

அவர் கோல்ஃப் ஆடி பத்தொன்பது வருஷம் ஆகிறது. இடுப்பு பிடித்துக்கொண்டபோது விட்டது. அப்படியே விட்டிருப்பார். பழைய கூட்டாளி பெலிக்ஸ் போன் செய்து கெடுத்தான்.

"மே மாசம் கொடைக்கானல்ல நம்ம செட்டு எல்லாம் ஆடுறோம். நீ ஆட வர்றியா, இல்ல ஸ்கோர் எழுத வர்றியா?"

அந்த 'ஸ்கோர் எழுத' நெஞ்சில் தைத்துவிட்டது. மூன்று வாரம் செல்போனை மூக்கில் ஒட்டிக்கொண்டு வீடியோ பார்த்தார். திரும்ப ஆட வருகிறவர்கள் புதுசு வாங்க வேண்டாம், பழசே போதும். முழு செட்டு வேண்டாம், ஆறேழு மட்டை போதும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு எடை குறைந்த தண்டு நல்லது. இத்தனை படிப்பையும் வனிதா சுருக்கி ஏழாம் நம்பர் மட்டை ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். பெங்களூரில் யாரோ ஒருவர் கழித்துக்கட்டிய மட்டை பார்சலில் வந்தது. பிடி தேய்ந்திருந்தது. அதற்கு மேல் சைக்கிள் கடையில் ரப்பர் சுற்றி வாங்கிக்கொண்டார்.

அடித்துப் பழக இடம்? வீட்டுக்குப் பின்னால் கடலை பிடுங்கிய கொல்லை சும்மா கிடந்தது. அதையடுத்து முந்திரித் தோப்பு. தோப்பு தாண்டினால் வற்றிய கண்மாய். கொல்லைக்கும் தோப்புக்கும் உரிமைக்காரி அமுதவல்லி, கணவரை இழந்தவள், ஐம்பத்தெட்டு வயது. ஒரு வார்த்தை போதுமென்ற இடத்தில் அரை வார்த்தை பேசுகிறவள்.

"தாராளமா அடிங்க சார்" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது சொற்பொழிவு.

முதல் நாள், முதல் அடி. பந்து போன வேகத்துக்கு கந்தர்வக்கோட்டை பஸ்ஸே ஓரம் கட்டியிருக்கும். என்ன, போகச் சொன்ன பக்கம் போகவில்லை. நேராக முந்திரித் தோப்புக்குள் நுழைந்தது. அங்கே கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. ரகுநாத் மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, சருகை விலக்கி, ஓர் அடி எடுத்து வைத்து, நின்று, தரையை உற்றுப் பார்த்து, இன்னோர் அடி வைத்து... இப்படியே கால் மணி நேரம்.

மொபெட்டில் போன முத்துராஜ் வண்டியை நிறுத்தினான். அமுதவல்லியின் கொழுந்தன், அந்த நிலத்தில் பாதிப் பங்குக்காரன்.

"நீரோட்டம் பாக்குறீங்களா சார்?"

"இல்லைங்க. இது கோல்ஃப். விளையாட்டு."

"சரி சரி." முத்துராஜ் கண்ணைச் சிமிட்டினான். "தொழில்ல இருக்கவுக யாரு சார் வெளிய சொல்லுவா? அது என்ன, கம்பியில ஏழுன்னு போட்டிருக்கு?"

"தூரத்துக்குத் தகுந்த நம்பர்."

"எழுநூறு அடியா?"

ரகுநாத் பொய் சொல்லத் தெரியாதவர். "சேச்சே, அவ்வளவு வராது. இதுல நானூறு அடி. அதுவும் நல்லா அடிச்சா."

முத்துராஜின் முகம் குண்டு பல்பு போட்டதுபோல் எரிந்தது. மொபெட் பறந்தது.

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நிலத்தில் ஏற்கெனவே மூன்று போர் போட்டு மூன்றிலும் புழுதிதான் வந்தது. ஒருவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து காட்டிய இடம். இன்னொருவர் வேப்பங்கவட்டையோடு சுற்றிக் காட்டிய இடம். மூன்றாமவர் நிலத்திலேயே மூன்று நாள் படுத்து, கனவில் கண்ட இடம். கனவுக்காரருக்கு மட்டும் சாப்பாட்டுச் செலவு தனி. கடைசியில் அமுதவல்லி ஒரு கல்லூரி வாத்தியாரை நீரோட்டம் பார்க்கிற மெஷினோடு கூட்டிவந்தாள். 'மதினி கூட்டியாந்த ஆளு மதினி பக்கம்தான் பேசுவான்' என்று முத்துராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. இவன் சம்மதிக்காமல் அவள் போட முடியாது, பொது நிலம்.

சாயங்காலத்துக்குள் சேதி கீரமங்கலம் வரைக்கும் போய்விட்டது: ஆலங்குடியில் வடக்கத்தி இரும்புக் கம்பியோடு ஒருத்தர் வந்திருக்கிறார், நானூறு அடியிலேயே தண்ணீர் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ரகுநாத் வாசலில் ஏழு வெற்றிலைத் தட்டு.

"விளையாட்டுன்னு புரிய வைக்கணும்" என்றார் மனைவியிடம். "பந்தைக் குழியில தள்ளிக் காட்டினா நாய்க்குக்கூடப் புரிஞ்சிரும். அதுக்கு இன்னொரு மட்டை வேணும்."

"எனக்கு அப்பவே தெரியும், ஒண்ணோட நிக்காதுன்னு."

ஆனாலும் வாசலில் தட்டு குவிவதைப் பார்த்து அவளே பேரம் பேசினாள். பெங்களூர்க்காரர், தள்ளுகிற மட்டையைப் பாதி விலைக்கு அனுப்பினார். வனிதாவிடம் பேசியபின் இலவசமாகவே அனுப்பத் தயாராக இருந்ததாகக் கேள்வி.

கொல்லையின் நடுவில் ரகுநாத் சின்னதாக ஒரு குழி வெட்டினார். பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டு, தூரத்தில் இருந்து தெரியட்டும் என்று சிவப்புத் துணி கட்டினார். பிறகு ஊர்க்காரர் முப்பது பேர் பார்க்க, குழியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடி, முழங்காலிட்டு மண்ணின் சரிவைப் பார்த்து, பந்தை மெல்லத் தள்ளினார். பந்து குழியில் விழுந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் கும்பிட்டார்கள்.

அடுத்த நாள் விடிந்தபோது குழியைச் சுற்றி மஞ்சள், குங்குமம், மூன்று எலுமிச்சம்பழம், எரிந்து முடிந்த சூடம். குழிக்குள் ஒரு ரூபாய்க் காசு.

"வியாழக்கெழமை போர் வண்டி வருது சார்" என்றான் முத்துராஜ். "நீங்க கொடி நட்ட எடத்துல இறக்கிருவோம்."

ரகுநாத் மட்டையை அங்கேயே போட்டார். நேராக அமுதவல்லியிடம் ஓடினார். அவள் தென்னங்கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கன்றுக்கு ஒரு செம்பு. ஓலை நுனியெல்லாம் கருகியிருந்தது.

"ஏம்மா, சத்தியமா எனக்கு நீரோட்டமெல்லாம் தெரியாது. அது வெறும் பந்தடிக்கிற மட்டை. நீங்களாச்சும் நம்புங்க."

"நம்புறேன் சார்."

"அப்ப வண்டிய வேணாம்னு சொல்லிருங்க."

அமுதவல்லி குடத்தைக் கீழே வைத்தாள். "நூத்தி இருவது கன்னு சார். இந்தக் கோடையத் தாண்டாது. அந்த மூணு போரும் பொய்ச்சதுக்கப்பறம், கொழுந்தன் ஆறு வருசத்துல இப்பத்தான் மொத தடவையா சரின்னிருக்காரு. வேணாம்னு எப்பிடிச் சொல்றது? இந்தப் போரும் பொகைஞ்சு போச்சுன்னா, நெலத்த வித்துட்டு மக வீட்டோட போயிர வேண்டியதுதான்."

அன்று ரகுநாத் சாப்பிடவில்லை. அதாவது, நான்கு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். ஒரு கன்று விடாமல் கண்முன் வந்து நின்றது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கண்மாய் சர்க்கார் இடம். அங்கே யாரும் போர் போட முடியாது. பந்தைக் கண்மாய்க்குள் அடித்துவிட்டு, 'தண்ணீர் அங்கேதான் இருக்கிறது, உங்கள் நிலத்தில் இல்லை' என்று சொல்லிவிட்டால்? போரும் நிற்கும், பழியும் வராது. தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

வியாழக்கிழமை. போர் வண்டி ஒருபக்கம், ஊர் ஒருபக்கம்.

"கொடி நட்ட எடம் தப்பு" என்று அறிவித்தார் ரகுநாத். "இப்ப ஒரே ஒரு அடி அடிப்பேன். பந்து எங்க போய் உக்காருதோ அதுதான் எடம். கண்மாயா இருந்தாலும் சரி, கேக்கணும்!"

"கேக்குறோம் சார்!" என்றது கூட்டம்.

"பந்து எங்கிட்டுப் போகுதுன்னு நான் பாக்குறேன்" என்று அமுதவல்லி முன்னதாகவே தோப்புக்குள் போய் நின்றுகொண்டாள்.

ரகுநாத் ஏழாம் நம்பரைப் பிடித்தார். கண்மாயைக் குறிபார்த்தார். பத்தொன்பது வருஷத்துக் கோபத்தையும் பெலிக்ஸின் போனையும் சேர்த்து ஓர் அடி. இடுப்பில் 'மளுக்' என்றது. பந்து எழும்பியது, கண்மாயைப் பார்த்தது, மனசு மாறி வலதுபக்கம் வளைந்து தோப்புக்குள் மறைந்தது. டொக்கென்று ஏதோ கிளையில் பட்ட சத்தம்.

"இந்தா கெடக்கு!" அமுதவல்லியின் குரல். வடகிழக்கு மூலை, ஒற்றைப் பனைக்குக் கீழே, துடைத்து வைத்தாற்போல் வெள்ளைப் பந்து.

வேறு வழியில்லை. வண்டி அங்கே போய் நின்றது. நூறு அடி, புழுதி. இருநூறு அடி, புழுதி. முந்நூறு அடியில் ஊரே வெள்ளையடித்ததுபோல் நின்றது. ரகுநாத், வீட்டைப் பூட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் எந்த ஊருக்குப் போகலாம் என்று வனிதாவிடம் காதோடு கேட்டார்.

"இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போறது? நில்லுங்க, வாரது வரட்டும்."

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு அடியில் பூமி ஒருமுறை கனைத்தது. அடுத்த விநாடி சேறும் தண்ணீருமாகப் பீய்ச்சியடித்து, பனை உயரத்துக்குப் போய், ரகுநாத்தின் தலையிலேயே இறங்கியது.

முத்துராஜ் ஓடிவந்து காலில் விழுந்தான். "நானூறுன்னீங்களே சார்! ரெண்டு அடிதானே சார் கொறச்சல்! மிச்சம் பன்னெண்டு கம்பியும் நாங்க வாங்கித் தாரோம். எல்லாம் புதுசு!"

வேண்டாம் என்றுதான் சொல்ல வாய் திறந்தார் ரகுநாத். ஆனால் சேறு வழியும் முகத்தோடு தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தார். அடிக்கும்போது விரலில் ஜிவ்வென்று ஏதோ ஏறியது உண்மைதானே? இத்தனை வருஷம் தனக்கே தெரியாமல் உள்ளே இருந்திருக்குமோ? கீரமங்கலத்துக்காரர்களுக்கு எந்தக் கிழமை தேதி கொடுப்பது என்று மனசுக்குள் ஒரு நாட்காட்டி புரண்டது.

கூட்டம் தண்ணீரைப் பார்க்க நகர்ந்தபோது அமுதவல்லி வந்து பந்தை அவர் கையில் வைத்தாள். அழுதிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"பாத்தீங்களாம்மா?" என்றார் ரகுநாத் மிதப்பாக. "சரியா பனைக்குக் கீழ போய் உக்காந்துச்சு பாருங்க!"

அமுதவல்லி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள்.

"மெல்லப் பேசுங்க சார். அது காலேஜு வாத்தியாரு மெஷின் வச்சுக் குறிச்ச எடம். ஒங்க பந்து அம்பது அடி தள்ளி முள்ளுக்குள்ள கெடந்துச்சு."

"அப்ப... பனைக்குக் கீழ எப்படி?"

"பினாங்குல கோல்ஃப் ஆடுறவுகளுக்குப் பதினோரு வருசம் பை தூக்குனவ சார் நான், எத்தன பெரிய மனுசங்க பந்தை முள்ளுக்குள்ளேருந்து கால் வெரலாலயே நகத்திக் குடுத்திருக்கேன், ஒங்க பந்தை விட்டுருவேனா?"